எண்ணூர் முகத்துவாரத்தில் தொப்பி நட்டவர்கள்

தூண்டில்காரர்களுக்குக் காலைப் பலகாரம் போட்டு விற்கிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: மீன் அகப்படாத நாளில்தான் அவர்களுக்குப் பசி அதிகம்.

அழையாத விருந்தாளிக்கு அடுப்பு மூட்டிப் பழகிய சகோதரிகளே, மற்றதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு எண்ணூர் உப்பளத்தில் கணக்கு வேலை. ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் குடிவந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு துரை தூண்டிலோடு வருவார், தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டு, "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்பார். கொடுத்தேன். மறுவாரம் ஒரு சிநேகிதரோடு வந்து ஆப்பம் கிடைக்குமா என்றார். கொடுத்தேன். காசு வைத்தார்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் முளைத்தன. அப்புறம் பட்டணத்தில் எந்தப் புண்ணியவானோ, எண்ணூரில் கொடுவா மீனைக் கையாலேயே அள்ளலாம் என்று கிளப்பிவிட்டான். கொடுவா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பளபளப்பு, கனமும் அப்படியே. தூண்டிலில் மாட்டினால் சமயத்தில் ஆளையே இழுத்துத் தண்ணீரில் தள்ளும். அதைப் பிடித்தவன் வருஷம் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். அதற்காகத்தான் அத்தனை கூட்டமும்.

காதும் நூலும்

எனக்கு முதல் அதிர்ச்சி ஒரு மார்கழி ஞாயிறு. பூசை முடிந்து வந்து அடுப்பில் ஆப்பச்சட்டியை வைக்கிறேன், வெளியே தடதடவென்று சத்தம். ஊரில் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஜன்னலில் பார்த்தால், முதல் ரயிலில் வந்திறங்கிய பெரிய மனிதர்கள் ஓடுகிறார்கள்! பெரம்பூர் பட்டறை ஆட்கள், ஜார்ஜ் டவுன் குமாஸ்தாக்கள், வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்கள், எல்லார் தோளிலும் மூங்கில். முன்னால் போகிறவனுக்குத்தான் முகத்துவாரத்தில் நிற்க இடம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற வக்கீல் ஒருவர், வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு எல்லாரையும் முந்திக்கொண்டு போனார். நான் ராயபுரம் கான்வென்டில் படித்தவள். தேவநற்கருணை வாங்கப் போகும்போதுகூட ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே என்னடாவென்றால், தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒருவர் கொக்கியை இன்னொருவர் தலைக்கு மேலே வீசிக்கொண்டு நிற்கிறார்கள்.

வீசினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபோர்மனாக இருக்கும் பின்டோவின் கொக்கி வக்கீலின் காதில் ஏறிவிட்டது. அலறல் கேட்டு மஞ்சள்பொடியும் கத்தரிக்கோலுமாக நான் ஓடினேன். வக்கீல் கண்களை மூடிக்கொண்டு தேவாரமோ எதையோ முணுமுணுக்கிறார், காதிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. நான் கொக்கியை ஒட்டி நூலை வெட்டப் போனேன். பின்டோ பாய்ந்து வந்து என் கையைத் தடுத்தார்.

"வெட்டாதீங்க மேடம்! காது தன்னால ஆறிடும். நூல் போன வாரம்தான் வாங்கினேன், மேன்!"

விரல் நீளம்

தூண்டிலில் மாட்டுகிற உயிர் இறாலை மண்பானையில் கொண்டுவந்து கொட்டகையில் விற்பவள் மங்கா. அவள் புருஷன் ஏழுமலை ஆற்றில் வலை போடுகிறவன். மங்காவுக்கும் எனக்கும் பேச்சு எப்போதும் சண்டையில் ஆரம்பித்து வெற்றிலையில் முடியும். ஒருநாள் அவள் பானையை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். "மேரியம்மா, உன் ஆப்பக்கார தொரைங்க கூடையைத் தொறந்து பாரேன்" என்றாள். பிறர் கூடையைத் திறந்து பார்ப்பது அநாகரிகம் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை, திறந்து பார்த்தேன்.

கூடை வண்ணாரப்பேட்டையில் கயிற்று மண்டி வைத்திருக்கும் காசிம் பாயுடையது. தங்கமான மனிதர். சாப்பிட்டால் பாத்திரத்தைத் தானே கழுவி வைக்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் கூடைக்குள் கொடுவாக் குஞ்சுகள். விரல் நீளம். சில என் சுண்டுவிரல்கூட இல்லை. இன்னும் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிறந்த பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து வாணலியில் போடுவதுபோல இருந்தது எனக்கு. "என்ன பாய் இது! இதில் முள்ளைத் தவிர என்ன இருக்கிறது? தண்ணீரில் விட்டிருந்தால் அடுத்த வருஷம் ஆளுயரம் வந்திருக்குமே!" என்று கத்தினேன். பாய்க்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. என்னை ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"விட்ருவேம்மா, எனக்கு மட்டும் ஆசையா? ஆனா நான் வுட்டா, பக்கத்துல நிக்கிற தோஸ்து புடிச்சிடுவானே!"

கோட்டு மாட்டிய கொம்பு

இந்த இடத்தில் ஆற்றின் முறையைச் சொல்லிவிட வேண்டும். எண்ணூர் ஆற்றில் வலைக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எல்லாக் குடும்பமும் கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. மீன் உள்ளே வருகிற வாசலே முகத்துவாரம்தான் என்பதால், அந்தப் பாடு கிடைக்கிற நாளைத்தான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். மற்ற நாளெல்லாம் சேற்றோரத்தில் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முறை வருகிறவன் முதல் நாள் சாயங்காலமே அந்த இடத்தில் வேப்பிலை கட்டிய கொம்பு ஒன்றை நட்டுவிட்டு வருவான். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் வலையை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடந்த வீட்டில்கூட அந்தக் கொம்பைத் தாண்டினவன் கிடையாது.

ஏழுமலைக்கு முகத்துவாரப் பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. கடலிலிருந்து ஏறிய தண்ணீர் வடிய ஆரம்பிக்கும் முன்னால் வலையைக் கட்டிவிட வேண்டும். அவன் படகோடு வந்து பார்த்தால் இவர்கள் வேலி அடைத்ததுபோல நிற்கிறார்கள். கொம்பைக் காணோம். யாரோ இலையை உருவி எறிந்துவிட்டு, அதைக் கொண்டுபோய் நிழலில் நட்டிருந்தார்கள்; அதில் பின்டோவின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது! ஏழுமலை கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தவறிய பாடு தவறியதுதான். பதில் நாள் கிடையாது.

மங்கா மட்டும் நேரே என் அடுப்படிக்கு வந்தாள். "நீ ஆப்பம் சுட்டுப் போட்றதாலதான் இதுங்க வந்துகினே கீதுங்க. இன்னும் ஒரு பாடு இந்த மாரி போச்சுன்னா என் வூட்டுக்காரன் வலையை வித்துட்டு ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போய்டுவேன்றான். அதுக்கு அப்பால உன் தொரைக்கு எறா யாரு கொண்டாருவா, உன் கான்வென்ட்டு மதரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கரண்டியும் கையுமாகப் போய்ப் பின்டோவை நிறுத்தி, அந்தக் கொம்பு என்ன என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் உண்மையிலேயே பதறிப்போனார். தொப்பியைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஓ மை! ஸ்டேஷன்காரங்க நம்ம வசதிக்காக நட்டு வச்ச கோட்டு ஸ்டாண்டுன்னு நினைச்சேன், மேடம். அதுல ஒரு ஆணியும் அடிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்!"

எல்லாரும் சம்மதம்

கோடை வந்தால் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். அதற்குள் ஏழுமலைக்கு இன்னும் ஒரே ஒரு பாடுதான் பாக்கி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை! சீட்டு அவன்மேல் என்ன கோபத்தில் இருந்ததோ. முந்தைய வாரம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன். அடுத்த ஞாயிறு ஒருநாள், ஒரே ஒருநாள், முகத்துவாரத்தை விட்டுவிட்டு மேற்கே ரயில் பாலத்துப் பக்கம் நின்றுகொள்ளுங்கள், ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகப் போகிறது என்று சொன்னேன். நான் எதிர்பார்க்கவே இல்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். பின்டோ, "நியாயம், மேடம்" என்றார். காசிம் பாய், "பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்று கண் கலங்கினார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நல்ல மனிதர்களையா வைதுகொண்டிருந்தோம் என்று ஆளுக்கு ஒரு ஆப்பம் கூடவே போட்டேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொருவரும் என் காதோடு தனித்தனியே வந்து, அடுத்த வாரம் கூட்டம் இருக்காதல்லவா, அப்படியானால் முகத்துவாரத்தில் நிம்மதியாக நிற்கலாமா என்று விசாரித்தார்கள்! இந்த வக்கீல் இருக்கிறாரே, பரம்பரை சைவம். மீனைச் சாப்பிடுவது கிடக்கட்டும், என் கொட்டகையில் முட்டை வைத்த தட்டையே மோந்து பார்த்துத் தள்ளி வைக்கிறவர். காதில் பழைய தழும்போடு அவரும் வந்தார். உங்களுக்கு எதற்கையா மீன், நீங்களாவது விலகக் கூடாதா என்றேன். செம்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் விலகத் தயார், அம்மா. ஆனால் நான் விலகிய இடத்தில் பின்டோ நிற்க மாட்டார் என்பதற்கு யார் ஜவாப்தாரி?"

தொப்பி வரிசை

பேச்சால் நகராதவர்களை வாசனையால் நகர்த்துவது என்று தீர்மானித்தேன். அந்த ஞாயிறு ஆட்டுக்கால் பாயா வைத்தேன். வக்கீலுக்குத் தனி அடுப்பில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும். காற்று ஆற்றுப் பக்கம் வீசியது, மாதாவுக்கு ஸ்தோத்திரம். முகத்துவாரத்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். சம்மதித்த அத்தனை பேரும் அங்கேதான். சம்மதிக்காத புது ஆட்களும் இருந்தார்கள். தண்ணீர் ஏறி நின்று, வடியத் தொடங்குமுன் அசையாமல் இருக்கிற நேரம் பார்த்து, எங்கள் வீட்டுக்காரரைச் சாப்பாட்டு மணியோடு அனுப்பினேன். "இன்றைக்கு ஆறினால் ருசி போய்விடும், உடனே வரச் சொல்லுங்கள்" என்றேன். "மேரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் போய்விட்டார். போய் மணியடித்தார். வந்தார்கள்! தூண்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏழுமலை வலை கட்டுவதைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று கரைக்கு நடந்தேன்.

அங்கே கண்டதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆள் இல்லை, ஆனால் இடம் காலி இல்லை. கரையோரம் கிழக்கே கடல் வரைக்கும் ஆளுக்கொரு குச்சி, கைத்தடி, குடை என்று மணலில் நட்டு, ஒவ்வொன்றின் மேலும் அவரவர் தொப்பி! சோலாத் தொப்பி, ஜரிகைத் தொப்பி, வக்கீலின் தலைப்பாகை. தலை மட்டும் நிற்க உடம்பெல்லாம் பாயா குடிக்கப் போய்விட்டது. அதற்கு எதிரே ஏழுமலை வலையை மடியில் வைத்துக்கொண்டு படகில் சும்மா உட்கார்ந்திருந்தான். மங்கா கரையில் தலையில் கையை வைத்துக் குந்தியிருந்தாள். தண்ணீர் நகரத் தொடங்கிவிட்டது. "என்னடா பார்த்துக்கொண்டிருக்கிறாய்? பிடுங்கி எறிந்துவிட்டு வலையைக் கட்டு!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை.

"நட்டு வச்சிட்டா அது அவன் எடம், மேரியம்மா. என் கொம்பை அவங்கோ புடுங்குனாங்கோன்னு நானும் புடுங்குனா, அப்பால இந்த ஆத்துல கொம்புக்கு இன்னா மருவாதி கீது?"

அவரவர் கொக்கி

அவனுக்குத்தானே அந்த மரியாதை. எனக்கில்லை. நான் சீட்டுப் போட்டவளும் இல்லை, வலைக்காரியும் இல்லை. மங்காவின் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, கத்தரிக்காய் பறிப்பதுபோலத் தொப்பிகளை ஒரு கோடியிலிருந்து பறித்துக்கொண்டே போனேன். கூடை நிறைந்ததும் மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். குச்சிகளை உதைத்துத் தள்ளினேன். கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார். ஏழுமலை ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அப்புறம் வலை கட்டுகிற கழியை ஊன்றினான். கடைசிக் கழி இறங்குவதற்கும் வடிகிற தண்ணீர் வலையில் மோதுவதற்கும் சரியாக இருந்தது. கொட்டகையிலிருந்து ஆட்கள் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தபோது, வலை குறுக்கே நின்றுவிட்டது. நான் ஆறு தொப்பிகளைத் தலையில் வைத்துக்கொண்டு முகத்துவாரக் கரையில் காவல் நின்றேன். யாரும் கிட்டே வரவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

வலை ஏறியதும் எட்டிப் பார்த்தேன். முகத்துவாரத்துப் பாடு என்றால் படகு தாழும் என்பார்கள். வந்தது கொஞ்சம் மடவை மீன், கொஞ்சம் இறால், நிறைய அறுந்த நூல். இவ்வளவுதானா என்று நினைக்கும்போது அடியில் ஒன்று துள்ளியது. கொடுவா. நான் அதுவரை பார்த்ததிலேயே பெரியது. மங்கா இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கரையில் போட்டாள். அதன் வாயைச் சுற்றி மூக்குத்தியும் புல்லாக்கும் போட்டதுபோல வரிசையாகக் கொக்கிகள்! சில துருப்பிடித்து, சில புதுசாக. அந்த ஒரு மீனை இவர்கள் அத்தனை பேரும் தனித்தனியே குத்தியிருக்கிறார்கள், அது அத்தனை பேரையும் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அனுதாபப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? பின்டோ குனிந்து பார்த்து, "இது பட்டறையில நானே அடிச்ச கொக்கி! அப்போ இது என் மீன்!" என்று கூவினார். காசிம் பாய், "சிவப்பு நூல் என்னுது. மொதல்ல புடிச்சவன் நான்" என்றார். இருக்கிற கூட்டம் முழுக்க உட்கார்ந்து தன் தன் கொக்கியைத் தேடியது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு வக்கீல் வந்தார். செப்புக் கம்பி சுற்றியது தம்முடையது, அதுதான் ஆழமாக இறங்கியிருக்கிறது, ஆகவே பாத்தியதை தமக்கே என்றார். "நீங்கள் மீனே சாப்பிட மாட்டீர்களே ஐயா!" என்று நான் அலறினேன். "சாப்பிடுவது வேறு, பாத்தியதை வேறு" என்றார். ஏழுமலைக்கு முகம் செத்துப்போயிற்று. துரைகளும் வக்கீலும் சேர்ந்து நின்றால் அவன் என்ன பேசுவான்? அவன் மெல்ல மீனை விட்டுப் பின்னால் நகர ஆரம்பித்தான். இத்தனை பாடுபட்டும் கடைசியில் கைமீனும் போகிறதே என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

மங்கா அவன் தோளைப் பிடித்து அப்படியே உட்கார வைத்தாள். மீனின் தலையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, ஒவ்வொரு கொக்கியாகக் கெல்லி எடுத்தாள். எடுத்ததை ரத்தத்தோடு அவரவர் உள்ளங்கையில் வைத்தாள்: பட்டறைக் கொக்கியைப் பின்டோ கையில், சிவப்பு நூலை பாய் கையில். செப்புக் கம்பியைக் கடைசியாக எடுத்து வக்கீலிடம் நீட்டினாள். அவர் மீன் ரத்தத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் எழுந்து மீனைத் தோளில் சாத்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவங்கவங்க சாமானைப் பார்த்து எடுத்துக்கினீங்களா நைனா? உங்களுது கொக்கி, எங்களுது மீனு. கணக்கு தீந்துபோச்சு, போய் பாயாவைக் குடிங்கோ, ஆறிடப் போவுது!"

மீன் குறைந்தால் தூண்டிலும் தானே குறையும் என்று நம்புகிற சகோதரிகள் எண்ணூருக்கு ஒரு ஞாயிறு வந்து பார்க்கட்டும்; மறுவாரமே முதல் ரயிலில் முன்னைவிட அதிகம் பேர் வந்திறங்கினார்கள், ஒரே வித்தியாசம், ஒருவர் பாக்கியில்லாமல் தொப்பியைத் தாடைக்குக் கீழே நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.